கூரை

புயல் போன பதினோராம் நாள்
லுக்கியோ மலைச் சாலையைத் திறக்க
எங்கள் இருவரையும் ஒரு ரம்பத்தையும் அனுப்பினார்கள்.
எலாடியோ பெட்ரோல் சுமந்தான். நான் அறுத்தேன்.

குறுக்கே கிடந்தது ஒரு தபோனுகோ.
அறுத்த இடமெல்லாம் வெள்ளைப் பிசின் கசிந்து
மாதா கோவில் சாம்பிராணியாய் மணத்தது.
பக்கத்து மரத்தோடு பின்னிய வேர்
விழும்போதும் பிடி விடவில்லை,
அதையும் பாதி சாய்த்திருந்தது.
மேலே, அது நின்ற இடத்தில்,
வானம்.
அந்த மலையில் அவ்வளவு வானத்தை நான் பார்த்ததில்லை.

மிக்டாலியா வந்தாள். தவளை எண்ணுகிறவள்.
ரப்பர் பூட்ஸ், ஈரத்தில் ஊதிப்போன நோட்டு.
சாலைக்கு வேண்டியதை மட்டும் அறு,
மீதி விழுந்தபடி கிடக்கட்டும் என்றாள்.
விறகுக்கு ஆள் இருக்கிறதே என்றேன்.
பதில் இல்லை.
சுருண்டு காய்ந்த ஒரு யக்ரூமோ இலையை
விரல் நுனியால் விலக்கினாள்.
உள்ளே கட்டைவிரல் பருமனில் ஒரு கோக்கி
முட்டைகளின் மேல் வயிறு ஒட்டக் குந்தியிருந்தது.
"அப்பன்" என்றாள்.

குளம் வேண்டாமாம், ஓடை வேண்டாமாம்.
முட்டைக்குள்ளேயே கால் முளைத்து
தவளையாகவே வெளியே வருமாம்.
இலையில் ஈரம் நின்றால் போதும்.
ஆனால் வெயில் இப்படிக் கொட்டினால்
மதியத்துக்குள் இலை அப்பளம்.
அதனால்தான் இந்தக் கிளைக் குப்பை,
இந்தக் கட்டை, இதன் அடி நிழல்.

என் வீட்டுக் கூரையும் அதே இரவில்தான் போனது.
சமையலறையில் இப்போது நல்ல வெளிச்சம்.
அங்கே ஒன்றும் முளைக்கவில்லை,
அரிசி மூட்டையில் பூஞ்சை தவிர.
நீலத் தார்ப்பாய்க்கு மனு போட்டிருக்கிறோம்.
இதை அவளிடம் சொன்னேன்.
அவள் சிரிக்கவில்லை. நல்லவள்.

எட்டு மாதம் கழித்து ஜல்லி கொட்டப் போனோம்.
கட்டையின் இருபுறமும் யக்ரூமோக் கன்றுகள்,
என் தோளுயரம்.
எத்தனை வருடம் மண்ணுக்குள் விழித்தே கிடந்த விதைகளோ.
காற்றில் இலை புரண்டால் வெள்ளை முதுகு.
நடுப்பகலிலும் ஒரு கோக்கி
தன் பெயரைத் தானே இரண்டு முறை கூப்பிட்டு நிறுத்தியது.

ரம்பம் பட்ட முனையில் பட்டையை நெம்பினேன்.
மரம் ஊறிய ரொட்டி போல உதிர்ந்தது.
கறையான், ஒரு மரவட்டை,
ஆழத்தில் செம்பழுப்பாய், கம்பிபோல் விறைத்த புழு.
எலாடியோ குனிந்தான்.
"குகுபானோக் குஞ்சு. வளர்ந்தால் விளக்கு."
எங்கள் தெருவுக்கு அன்றுவரை மின்சாரம் வரவில்லை.

புழுவைத் தூளுக்குள் தள்ளி
பட்டையை எடுத்த இடத்திலேயே வைத்து அழுத்தினேன்.
மனு கினு ஒன்றுமில்லை.
பொருந்திவிட்டது.