நீலத் தார்ப்பாயில் ஓர் ஓட்டை

இன்று குளோரின் வாசனைக்குள்
பிள்ளைகள் கடைவீதிக்குப் போகிற மாதிரி
உடுத்தி நிற்கிறார்கள்.
முழுக்கால்சட்டை, சட்டை, ஷூ.
யில்டௌவின் ஷூ போன வருடத்தது.
கட்டைவிரல் இடத்தில் கிழிந்து
குப்பைக்கென்று ஒதுக்கி வைத்திருந்தது.
"இதையா?" என்றாள்.
"வாய்க்கால் புதுசு கேட்பதில்லை" என்றேன்.

பெற்றோர் நாங்கள்
காலில் நீலப் பிளாஸ்டிக் உறை மாட்டி
ஈரத்தரையில் சரசரத்துக்கொண்டு
சுவரோரம் நிற்கிறோம்.
தண்ணீருக்குள் போகிறவர்களுக்கு ஷூ,
கரையில் நிற்பவர்களுக்குப் பை.

நீச்சல் ஆசிரியை கேஸ்கே விசில் ஊதுவதில்லை.
"குதிக்காதீர்கள்,
விழுங்கள்.
விழ நினைக்காதவர்களைப் போல விழுங்கள்."
பதினோரு பிள்ளைகளும் முகம் சுளித்து யோசிக்கிறார்கள்.
நினைக்காமல் விழுவதை
எப்படி நினைத்துச் செய்வது?
ஹிட்டே என்றொரு பையன்
கூரை விளக்கை அண்ணாந்து பார்த்தபடியே
நடந்துபோய் விழுந்தான்.
அவன் ஒருவன்தான் சரியாகச் செய்தான்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள்.
ஃப்ரீஸ்லாந்தில்
காலை விடாத இடத்திலும் ஆழம் வந்து நிற்கும்.
தபால்பெட்டிக்குப் பக்கத்தில்,
சூப்பர் மார்க்கெட்டின் பின்னால்,
உருளைக்கிழங்கு வயல்களின் நடுவே.
எங்கள் பின்கதவிலிருந்து பதினான்கு எட்டு.
எண்ணியிருக்கிறேன்.
என் எட்டில் பதினான்கு,
வீப்ரனின் எட்டில் முப்பத்தொன்று.

வீப்ரன் இப்போது என் இடுப்பில்
பிஸ்கட்டை என் காலரில் தேய்த்துக்கொண்டிருக்கிறான்.

மார்ச் மாதம்.
அடுப்பில் எதுவும் பொங்கவில்லை,
வாசலில் யாரும் அழைக்கவில்லை,
போன்கூட அடிக்கவில்லை.
சொல்லிக்கொள்ள ஒரு காரணமும் இல்லாத காலை.
உலர்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன்.
வீடு அமைதியாக இருந்தது.
எவ்வளவு நல்ல அமைதி என்று நினைத்தேன்.

முழுகுகிற பிள்ளை கத்தும் என்றுதான்
அதுவரை நம்பியிருந்தேன்.
கையை அடிக்கும், தண்ணீர் தெறிக்கும்,
யாராவது ஓடிவர நேரமிருக்கும்.
வாத்துகள்தான் கத்தின.
நாணல் ஓரம் ஒரு சிவப்பு ஜாக்கெட்,
முதுகு மட்டும்.

இழுத்தேன். இருமினான்.
ஒரு ராத்திரி ஆஸ்பத்திரி.
மறுநாளே ஸ்யூர்ட் வேலி போட்டார்,
தானாகச் சாத்திக்கொள்ளும் படல்,
பிள்ளைக் கைக்கு எட்டாத கொக்கி.
ஆணியடித்தபடி, திரும்பாமல்,
"எவ்வளவு நேரம்?" என்று கேட்டார்.
"கண்ணிமைக்கும் நேரம்" என்றேன்.

ஒன்பது துணி மடித்திருந்தேன்.
அதையும் எண்ணியிருக்கிறேன்.
அந்த அமைதியைப் பற்றி
அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

தார்ப்பாயைத் தண்ணீருக்குள் இறக்குகிறார்கள்.
நடுவில் ஒரு வட்ட ஓட்டை.
முங்கி, கண்ணைத் திறந்து,
அதைத் தேடி, அதற்குள் நுழைந்து வரவேண்டும்.
பனிக்கட்டி உடைந்து உள்ளே போனால்
போன வழிதான் வழி என்கிறாள் கேஸ்கே.

யில்டௌ முங்கினாள்.
ஒரு துணி.
இரண்டு துணி.
மூன்றாவதன் கையை மடிப்பதற்குள்
அந்தப் பக்கம் எழுந்தாள், மூக்கு ஒழுக,
ஒரு ஷூ இல்லாமல்.
அது சாவகாசமாகக் கீழே போய்
அடித்தரையில் அமர்வதை எல்லோரும் பார்த்தோம்.
"கால் வந்துவிட்டதல்லவா, போதும்"
என்று குறித்துக்கொண்டாள் கேஸ்கே.

சான்றிதழ் கொடுக்கும்போது
வீப்ரனின் கன்னத்தைத் தொட்டாள்.
"இவனை எப்போது சேர்க்கலாம்?"
"நாலரை வயதில் கொண்டுவாருங்கள்."
"அதுவரை?"
"அதுவரை நீங்கள்."
சற்று யோசித்து,
"அதற்குப் பிறகும்" என்றாள்.
யில்டௌவுக்குக் கேட்காதபடி.

சைக்கிள் கைப்பிடியில் ஈரத்துணிப் பை
வழியெல்லாம் சொட்டிக்கொண்டே வந்தது.
படலைத் திறந்து, விட்டு,
அது சாத்திக்கொள்ளும் சத்தத்தைக் கேட்டு,
மறுபடி திறந்து,
மறுபடி கேட்டேன்.
ஒற்றை ஷூவோடு யில்டௌ
கூடம் முழுக்கச் சளக் சளக்கென்று நடக்கிறாள்.
வீப்ரன் கரண்டியால் தட்டை அடிக்கிறான்.
மேல்வீட்டுக்காரருக்குப் பகல் தூக்கம்.
அடிக்கட்டும்.