அடித்தெழுதிய பில்

"எவ்வளவு ஓடும்?" என்றேன்.
வில்ஃபிரெடோ பில்லைத் திருப்பி
எண்பதாயிரம் என்றெழுதி அடித்தான்.
ஒரு லட்சம். அதையும் அடித்தான்.

"ரோட்டரி, நெரெய்டா. ஆயில் குடிக்கும், குடிக்கட்டும்.
பெட்ரோல் போடும்போதெல்லாம் குச்சியை உருவிப் பார்.
சூடேறும் முன் முறுக்காதே.
ரொம்பப் பதவிசாய் ஓட்டினாலும்
கரி பிடித்துச் செத்துப்போகும்.
நாளுக்கொருதரம் அலறவிடு."

புயல் காகுவாஸில்
பட்டறைக் கூரையைக் கொண்டுபோனது.
அவன் இப்போது ஆர்லாண்டோவில்
யார் வீட்டு ஏசிக்கோ கேஸ் நிரப்புகிறான்.
பில்லிலிருக்கும் நம்பர் உபயோகத்தில் இல்லை.

உள்ளே
விரல்நீளச் சீல்கள் ஆறும்
தேய்ந்தபடிதான் சுற்றுகின்றன.

கயேய் ஏற்றம். மூன்றாவது கியர்.
முள் சிவப்பைத் தொடுகிறது.
மீட்டரில் தொண்ணூற்றோராயிரம்:
அடித்த இரண்டுக்கும் நடுவே எங்கோ.

கண்ணாடியில்
கொஞ்சம் நீலப் புகை.
குடிக்கட்டும்.