இருபது வளைவு, பதினொரு சதவீதம்

ஐந்து ரோட்டில்
மாடிப்படிக்குக் கீழே என் கடை.
பிலோமினா கொண்டுவந்தது
சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒரு லேப்டாப்.
இரண்டு ஜிபி. 'எஸ்' பட்டன் காணோம்.
"விண்டோஸ் தொறக்குறதுக்குள்ள
மூட்டை எடை போட்டு லாரியே போயிடுது."

போன வாரம் அடிவாரத்தில்
பஸ் ஏறிவிட்டு அணைக்கப் பார்த்திருக்கிறாள்.
அப்டேட் ஆகிறது, அணைக்காதீர்கள்
என்றதாம் திரை.
மடியில் திறந்தபடியே வைத்துக்கொண்டு
ஏற்காடு ஏறினாள்.
ஏழாவது கொண்டை ஊசியில் பதினொரு சதவீதம்.
பதினாலாவதில் பதினொரு சதவீதம்.
இருபதாவதில்
பேட்டரி செத்தது.

லினக்ஸ் போட்டேன்.
அதற்குக் காசில்லை, என் கூலி முந்நூறு.
அரை நிமிஷத்தில் எழுந்து நின்றது,
மூச்சு வாங்கவில்லை.
எனக்குப் பெருமை,
ஏதோ நானே எழுதிய மாதிரி.

திங்கட்கிழமை திரும்பி வந்தாள்.
எடை ஏறுகிறது, கூட்டல் சரி,
ரசீது பிரிண்டர் ஊமை.
முதலாளி அனுப்பிய ஃபைலில்
மிளகு என்ற இடமெல்லாம் கட்டம் கட்டமாய்.
டிரைவர் தேடினேன்.
ஸ்பெயினில் யாரோ ஒரு புண்ணியவான்
பாதி எழுதிவிட்டு
கல்யாணமாகிப் போயிருக்கிறார்.

சரி, இரண்டும் இருக்கட்டும்.
எடைக்கு அது, ரசீதுக்கு இது.
ஒரே டிஸ்கில் பாகம் பிரித்து
நடுவில் சுவர் எழுப்பினேன்.
விண்டோஸ் மூத்தவன் போல
பெரிய பங்கு கேட்டது. கொடுத்தேன்.
அடுத்த அப்டேட்டில்
வாசலையும் தன் பக்கம் திருப்பிக்கொள்ளும்.
அதையும் அவளிடம் சொன்னேன்.

சார்ஜர் ஒயரைச் சுற்றி
பைக்குள் திணித்தபடி கேட்டாள்:
"மிளகு முடியிற வரைக்கும் தாங்குமா?"