சொற்பம்

துராஸோ துறைமுகம், நான்காம் கிடங்கு.
பூட்ஸ், போர்வை, கழுதைத் தீனி
கணக்கெழுதியவன் நான், ருஜேரோ தெஸ்ஸாரி.
அக்டோபரில் ரோமிலிருந்து புதுப் படிவங்கள் வந்தன,
கட்டுக்கு ஆயிரம், வழவழப்பான காகிதம்.
'நடவடிக்கைக் காலம்' என்ற இடத்தில்
அச்சிலேயே இருந்தது: பதினைந்து நாள்.
'எதிரி பலம்' என்ற இடத்தில்: சொற்பம்.
அந்தக் கட்டம்
ஒரு சொல்லுக்கு மேல் கொள்ளாது.

அதே மாதம்தான் பட்டாளத்தில் பாதிப் பேரை
ஊருக்கு அனுப்பியிருந்தோம்,
ஒலிவம் பறிக்க, கோதுமை விதைக்க.
அவர்கள் ரயிலேறிய புகை அடங்கும் முன்னே
எல்லை தாண்டச் சொல்லி உத்தரவு.
கேப்டன் பல்தெல்லி சிரித்தார்:
"அந்தப் பக்கம் ஆட்டிடையர்கள்.
கைதட்டினால் போதும், கலைந்துவிடுவார்கள்."
ஏதென்ஸில் மனைவிக்குக் கையுறை வாங்க
அளவைச் சீட்டில் குறித்து
என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகினார்,
தொலைந்துவிடக் கூடாதாம்.

புறப்பட்ட அன்று பிடித்த மழை
நவம்பரிலும் விடவில்லை.
ஆறு கரை உடைத்தது.
பாலம் போடும் தளவாடம்
கப்பலின் அடித்தட்டில் கிடந்தது,
அதன்மேல் சலவைக்கல்,
வெற்றிக்குப் பிறகு கட்டவிருந்த மண்டபத்துக்கு.

ஒத்தாவியோ பிரெஸ்காச்சின், கழுதை ஓட்டுபவன்,
மலையிலிருந்து நான்கு நாள் நடந்து வந்தான்.
பூட்ஸின் அடி பிரிந்து
உள்ளே இருந்த அட்டை நனைந்து
கஞ்சியாய் வழிந்தது.
"நாற்பத்து மூன்று" என்றான்.
என்னிடம் இருந்தவை முப்பத்தொன்பது,
அறுநூறும் இடக்கால்.
வலக்கால் வேறொரு கப்பலில் வருவதாய்க் கடிதம்.
அவன் சிரித்தான். அழவில்லை, சிரித்தான்.
இரண்டு இடக்கால் பூட்ஸை வாங்கிக்கொண்டு
முன்பக்கத்தைக் கத்தியால் அறுத்தான்.

போகும் முன் ஒன்று சொன்னான்.
அவன் கழுதை சறுக்கி விழுந்து செத்த சரிவில்
ஒரு பெண் ஏறிக்கொண்டிருந்தாளாம்,
முதுகில் குண்டுப் பெட்டி,
கயிறு நெற்றியை அறுக்க,
பின்னால் இன்னொருத்தி, அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி,
பனி மூடிய இடம் வரைக்கும்.
அவன் துப்பாக்கியை எடுக்கவில்லை.
விரல் மடங்கவில்லை என்றான்.
மடங்கியிருந்தால்? நான் கேட்கவில்லை.

பதினைந்தை அடித்து முப்பது என்று எழுதினேன்.
முப்பதை அடித்தேன்.
அதற்குப் பிறகு எண் போடவில்லை,
கோடு மட்டும் இழுத்தேன்.
ஊருக்குப் போனவர்களைத் திரும்ப அழைத்தார்கள்.
விதைத்த கையோடு வந்தார்கள், நகத்தில் மண்ணோடு,
ஒருவனுக்கும் தன் படைப்பிரிவு எங்கே என்று தெரியாது.
ஜனவரியில் பீரங்கிச் சத்தம்
தெற்கே போகவில்லை.
என் கிடங்கை நோக்கி
இறங்கி வந்துகொண்டிருந்தது.

இறந்தவர்கள் காலில் கழற்றிய பூட்ஸை
மூட்டையாய் அனுப்பினார்கள்.
அளவு பிரித்து அடுக்கினேன்.
ஒரு ஜோடியில் முன்பக்கம் அறுபட்டிருந்தது,
இரண்டும் இடக்கால்.
'திரும்பப் பெற்றது' என்ற இடத்தில் ஒன்று என எழுதி,
வெளியே போய்
சிகரெட் பற்றவைக்க முடியாமல்
தீக்குச்சிகளை ஒவ்வொன்றாய் வீணாக்கினேன்.

பல்தெல்லி பிப்ரவரியில் ஆஸ்பத்திரிக் கப்பலில் ஏறினார்,
இரண்டு கைகளிலும் கட்டு.
சீட்டைக் கேட்கவில்லை. நானும் நினைவூட்டவில்லை.

கம்பளிக் கோட்டுகள் வந்தன, எண்ணாயிரம்,
ஏப்ரல் மாதம், நல்ல வெயில்.
சுமை இறக்கிய அல்பேனியன் ந்துவே
வியர்வையைத் துடைத்தபடி கேட்டான்:
"இவை அடுத்த சண்டைக்கா?"
மூட்டையோடு வந்த படிவம் அதே படிவம்.
பதினைந்து நாள்.
சொற்பம்.
அந்தச் சொல்லை அடித்துவிட்டு
மேலே வேறொன்று எழுதப் பார்த்தேன்.
இடம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன், பக்கம் முடியும் வரை எழுதினேன்,
பிறகு அதைக் கிழித்துவிட்டு
புதுப் படிவம் எடுத்துக்
கையெழுத்துப் போட்டேன்.