எடைக்கல்

ஆயிரம் பீடிக்கு இருபது ரூபாய் கூடுதல் என்று
குடியாத்தம் கடைச் சுவரில் தாள் ஒட்டியிருந்தது.
அன்றைக்கே கால்கிலோ பூந்தி வாங்கினேன்.
அடுத்த வாரம்
இலைக்கட்டு இளைத்திருந்தது.

முறத்தை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டே போனால்
எண்ணூற்று அறுபதிலேயே இலை தீர்ந்துவிடுகிறது.
மிச்சத்துக்கு நானே வெளியில் வாங்கினேன்.
இருபத்து நாலு ரூபாய்.

"உன் கை ஓட்டைக் கை" என்றார் ஏஜென்ட் சபாபதி.
பதினாறு வருசம் ஓட்டையில்லாத கை
தாள் ஒட்டிய பிறகா ஓட்டையாகும்?

தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்து நிற்கையில்
தில்ஷாத் கேட்டாள்:
நிறுத்துப் பார்த்தியா?

தக்காளி வண்டி குப்பம்மாளிடம்
தராசை ஒருமணி நேரம் இரவல் கேட்டோம்.
பதினோரு பேர் போனோம்.
யாரும் கத்தவில்லை, வழியில் மட்டும்
ஜரினாவுக்குச் சிரிப்பு வந்தது, பயத்தில்.

அரைக்கிலோ கல், மேலே இருநூறு கிராம்.
எழுநூறு இருக்கவேண்டிய இலை
தட்டோடு மேலே போய் நின்றது.
இருநூறை எடுத்து நூறை வைத்தோம்.
முள் நேரானது.

சபாபதி குனிந்து பார்த்தார்.
கல் தட்டில் தக்காளித் தோல் ஒட்டியிருக்கிறது,
கணக்கு செல்லாது என்றார்.

முந்தானையால் துடைத்துவிட்டு
மறுபடி நிறுத்தோம்.