காற்றுத் துளை

ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுச்சுவரை இடித்து
எட்டடிக் கண்ணாடி. கீழே சம்ப்.
எல்போ ஏழு என்று வரைந்திருந்தேன்;
ததேயு பதினொன்று வாங்கிவரச் சொன்னான்.

இரும்பாணி ஒன்றுகூட ஆகாதாம், உப்பு தின்னுமாம்.
எங்களிடம் சொல்கிறான், குளச்சலில்,
ஜன்னல் கம்பியை மூன்று முறை மாற்றிய வீட்டில்.

அறுபது கேனில், லோடு ஆட்டோவில் வந்தது கடல்.
வாடகை அறுநூறு.
போன ஆடியில் சும்மாவே வந்தது,
அடுக்களை வரை.

மேல்குழாயில் ஈர்க்கு நுழையும் துளை போட்டான்:
"கரண்ட் போனா இது காத்து குடிக்கும்.
தண்ணி நிக்கும்."

போனது.
இருட்டில் மேலிருந்து இறங்கும் சத்தம்,
பிறகு ஓர் உறிஞ்சல்.
டார்ச் அடித்தால்
பென்சில் கோட்டுக்கு ஒரு விரல் கீழே நிற்கிறது.

ஜெசிந்தா இன்னும் கட்டிலைவிட்டு இறங்கவில்லை,
மடியில் அரிசிச் சாக்கு.