நெற்றியில் ஏறியவள்

திருவலத்துக்கு ஒண்ணு என்றேன்.
கண்டக்டர் கோதண்டன் எச்சில் தொட்டுக் கிழித்தார்.

நந்தி கஞ்சனைக் கிழித்தபோது
நெற்றி விழுந்த இடம் லாலாப்பேட்டை, எங்கள் ஊர்.
தலை விழுந்தது சீகராஜபுரத்தில்.
நெற்றியை விட்டுவிட்டுத் தலை மட்டும்
எப்படித் தனியே போய் விழும்?
புராணம் சொல்வதில்லை.
கோபம் வந்த மாட்டுக்குக் கணக்கு ஏது.

பரிமளா தென்காலில் ஏறினாள்.
ஷூ கம்பெனியில் அடுத்த மிஷின்.
அவள் இடது தைப்பாள், நான் வலது.
எங்கோ பனி பெய்கிற ஊரில் யாரோ
எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துப் போட்டு
வேலைக்கு நடக்கிறார்கள்.
அரக்கனுக்குத்தான்
வடகால் ஒரு ஊர், தென்கால் ஒரு ஊர்.

அவளுக்கு வேண்டுதல்.
எனக்கு ஞாயிற்றுக்கிழமை, அவ்வளவே.

பாலத்தில் பஸ் மெதுவானது.
'நீ வா' என்று சாமி கூப்பிட
ஓடி வந்த ஆறாம், நீவா நதி.
இன்றைக்கு அதன் நடுவில்
மூன்று ஸ்டம்பு, ஒன்பது பையன்கள்,
ஒரு எல்பிடபிள்யூ சண்டை.

உள்ளே நுழைந்தால் நந்தி
சாமிக்கு வாலைக் காட்டி
எங்களைப் பார்த்து நிற்கிறது.
கஞ்சன் திரும்பி வந்துவிடுவானோ என்று
காஞ்சனகிரிப் பக்கம் காவலாம்.
காஞ்சனகிரியா?
நான் துணி காயப்போடுகிற மொட்டைமாடிக்கு நேரே
நிற்கிற மலை அது.
இத்தனை வருஷமாய் இந்தக் கண்
எங்கள் கொடியில் தொங்கும் பாவாடையைத் தாண்டித்தான்
போய்க்கொண்டிருந்திருக்கிறது.

அபிஷேகத்துக்குத் தண்ணீர் எடுக்கப் போன
குருக்களை மறித்தானாம், அடித்தானாம்,
குடத்தைப் பிடுங்கினானாம்.
ஏன் சாமி, என்று கேட்டேன்.
குருக்கள் விபூதித் தட்டைத் துடைத்தபடியே
"அரக்கன்மா" என்றார்.
அதோடு கதை முடிந்தது அவருக்கு.

எங்கள் தெருக் குழாயில் இறைத்தால்
தோல் ஷாப் மஞ்சள்.
லாரி வருகிற வியாழக்கிழமை
நானே ஒருத்தியின் குடத்தை உடைத்திருக்கிறேன்.
எட்டுத் துண்டாக்க யாரும் வரவில்லை.
மறு வியாழன் அவள் என் குடத்தை உடைத்தாள்.

பரிமளா தீர்த்தம் வாங்கிக் குடித்து
மிச்சத்தைத் தலையில் தடவிக்கொண்டாள்.
என்ன வேண்டினாள் என்று நான் கேட்கவில்லை,
அழுதிருந்தாள்.
நந்திக்கு முன்னால் கொஞ்சம் நின்றேன்.
கும்பிடத் தோன்றவில்லை, முறைக்கவும் இல்லை.
உறவுக்காரியின் முகம்
ஏதாவது தெரிகிறதா என்று காட்டினேன்.
கல் கண் சிமிட்டாது, தெரியும்தான்.

வாசலில் சுத்திகரித்த தண்ணீர் மிஷின்,
ஐந்து ரூபாய்க்கு ஒரு பாட்டில் நிறைத்தேன்.
திரும்பும் பஸ்ஸில் அதே கோதண்டன்.
மடியில் தண்ணீர், வழியெல்லாம் கஞ்சன்,
யாரும் மறிக்கவில்லை.

சீகராஜபுரத்தில் ஏறிய ஒரு பொடியன்
பாட்டிலையே பார்த்துக்கொண்டு வந்தான்.
"அக்கா, தண்ணி."
கொடுத்தேன்.
அண்ணாந்து, சட்டை நனைய,
மூச்சு விடாமல் குடித்தான்.
மூடியைத் திருப்பித் தரும்போது
பாதிக்கும் கீழே இருந்தது.